இல்லாத கயிற்றின் நிழல்

ஜூன் 3, திங்கள்

இன்று முழுவதும் கயிறு அழித்தேன். கட்டி முடிக்காத அடுக்குமாடி ஒன்றின் உச்சியிலிருந்து நாயகி எதிர் மாடிக்குப் பாய்கிறாள். பாய்வது நாயகி இல்லை, டூப். டூப்பின் இடுப்பிலிருந்து கிரேன் வரைக்கும் ஒரு எஃகுக் கயிறு போகும். செட்டில் அதை ரோப் என்பார்கள். ஒவ்வொரு ஃபிரேமாக அந்த ரோப்பை அழித்து, அது மறைத்துக்கொண்டிருந்த வானத்தை அங்கே திரும்ப வைக்க வேண்டும். பிறகு டூப்பின் முகத்தின் மேல் நாயகியின் முகத்தை ஒட்ட வேண்டும். சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவில் பத்து வருடமாக நான் செய்கிற வேலை இது.

இந்த டூப்பை எனக்குப் பல படங்களாகத் தெரியும். பெயர் தெரியாது. முகம்கூட ஒழுங்காகத் தெரியாது, அதை மூடுவதுதானே என் வேலை. ஆனால் குதிக்கும் முன்னால் வலது தோளை ஒரு முறை உதறிக்கொள்வாள். அதை வைத்து எந்தப் படத்திலும் அடையாளம் சொல்லிவிடுவேன்.

முகுந்தன் ஒரு ஷாட்டைத் திருப்பி அனுப்பினான். நிழலின் மேல் நிழல் விழுந்த இடம் கூடுதலாகக் கறுத்திருக்கிறதாம். எங்கள் குழுவுக்கு அவன்தான் சூப்பர்வைசர். வீட்டில் அவன் என் கணவன். மிக்ஸி ஓடாமல் கிடக்கிறது, பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். அதை நான் யாரிடம் திருப்பி அனுப்புவது? இட்லிக்கு இன்றும் பொடிதான்.

ஜூன் 5, புதன்

விட்டுப்போன ஒரு கோணத்தை எடுக்க நேற்று மறுபடி அதே கட்டடத்துக்குப் போயிருக்கிறார்கள். ரோப் அறுந்துவிட்டது. டூப் கீழே விழுந்துவிட்டாள். உயிர் இருக்கிறது.

பெயர் பிலோமினா. காசிமேட்டுப் பெண். இன்றுதான் தெரிந்தது.

என் கணினியில் அவள் எதிர் மாடிக்குப் பாய்ந்தபடியே நின்றாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. முகுந்தனும் திறக்கவில்லை.

ஜூன் 8, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன சொல்லிக்கொண்டு போவதென்று தெரியாமல் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்.

இடுப்பெலும்பும் வலது தொடையும் உடைந்திருக்கின்றன. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. முழு முகத்தை முதல் முறையாகப் பார்த்தேன். அகலமான நெற்றி, மூக்குத்தி போட்டுத் தூர்ந்துபோன துளை. வயது இருபத்தேழு இருக்கலாம்.

"யாருக்கா நீ? யூனியனா?" என்றாள்.

"இல்லம்மா. கம்ப்யூட்டர்ல உன் ரோப்ப அழிக்கிறவ."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்ததும் இடுப்பு வலித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எம்மூஞ்சிய அழிக்கிறதும் நீதானா?"

"நாந்தான்."

"எங்கம்மாவாண்ட காட்டி, இது நாந்தான்மா, இது நாந்தான்மான்னுவேன். அது நம்பவே நம்பாது. நீயாச்சும் சொல்லுக்கா."

அவள் அம்மா சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆரஞ்சை உரித்து எனக்கே முதல் சுளையைக் கொடுத்தார்.

ஜூன் 12, புதன்

வத்சன் சார் அறைக்குக் கூப்பிட்டார். ஸ்டூடியோ அவருடையது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"மங்கை, ஒரு சின்ன வேலை. நீங்க பண்ணா சுத்தமா வரும். இந்தத் தடவை அழிக்க வேணாம், சேர்க்கணும்."

திரையில் ஓடவிட்டார். செட்டின் ஓரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த கேமரா எடுத்தது. சாதாரணமாக மேக்கிங் வீடியோவுக்கு எடுப்பது. பிலோமினா மாடி விளிம்பில் நிற்கிறாள். தோளை உதறுகிறாள். பாய்கிறாள். பாதி வழியில் ரோப் அறுகிறது. அவள் படத்தின் கீழ் விளிம்பைத் தாண்டிப் போய்விடுகிறாள். பிறகு வெறும் சுவர்.

"கிரேன்லேருந்து ரெண்டாவது ரோப் ஒண்ணு அவ பக்கத்துல தொங்கணும். ஆரம்பத்துலேருந்தே. அவ்ளோதான்."

"ரெண்டாவது ரோப் அங்க இல்லையே சார்."

"இருந்துச்சுங்கறாங்க. கேமராவுல சரியா விழலியாம்."

"இது படத்துல வருமா?"

"இல்லம்மா. டாக்குமென்டேஷனுக்கு."

அந்த வெயிலில் முதல் ரோப் நூல் பிசகாமல் விழுந்திருக்கிறது. இரண்டாவது மட்டும் எப்படி விழாமல் போகும்? கேட்டேன். அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"பெரிய கம்பெனி, மங்கை. அடுத்த மூணு படம் அவங்களோடது. எழுபது பேர் இங்க சாப்பிடறோம்."

"பத்து வருசமா இருந்த ரோப்ப இல்லன்னு காட்டினேன் சார். அது சினிமா, பாக்கறவங்களுக்கும் தெரியும். இது சினிமா இல்ல. நான் செய்ய மாட்டேன்."

கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து முகுந்தனிடம் சொன்னேன். "நீ சொன்னது சரிதான்" என்றான். பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தான்.

ஜூன் 16, ஞாயிறு

பிலோமினா கட்டிலைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். மருந்துச் சீட்டெல்லாம் கலைந்து கிடந்தது, அடுக்கிக் கொடுத்தேன். போரடிக்கிறது, உன் வேலையைப் பற்றிச் சொல்லு என்றாள்.

அவளுடைய எக்ஸ்ரே படங்கள் கட்டிலடியில் இருந்தன. இரண்டை எடுத்து ஜன்னலுக்கு நேராக ஒன்றின் மேல் ஒன்றாகப் பிடித்தேன்.

"ரெண்டும் சேர்ந்தா என்னாவுது பாரு."

"கறுப்பாவுது."

"ஒண்ணு பாதி வெளிச்சத்தை விடுது. அடுத்தது அதுல பாதிய விடுது. கடைசியில கால்வாசிதான் வருது. கம்ப்யூட்டர்ல படத்துல ஒவ்வொரு புள்ளியும் ஒரு நம்பர். கறுப்புன்னா பூஜ்யம், வெள்ளைன்னா ஒண்ணு. மேல் படத்து நம்பரையும் கீழ் படத்து நம்பரையும் பெருக்கினா இதேதான் நடக்கும். அதுக்குப் பேரு மல்டிப்ளை. நிழல் போட அதுதான். வெள்ளை இருக்கற எடத்துல ஒண்ணால பெருக்கினா அப்படியே இருக்கும், ஒண்ணும் மாறாது."

"வெளிச்சம் போடணும்னா?"

"ரெண்டு டார்ச்சை ஒரே செவுத்துல அடிக்கிற மாதிரி, அப்படியே கூட்டினா பிளஸ். நெருப்புக்கும் மின்னலுக்கும் போடுவோம். ஆனா கூட்டிக்கிட்டே போனா வெளுத்துப் போயிடும். அதனால இன்னொண்ணு இருக்கு, ஸ்கிரீன். ரெண்டு படத்தையும் நெகடிவ் ஆக்கிப் பெருக்கி, வர்றதைத் திரும்ப நேராக்கறது. எவ்வளவு வெளிச்சம் சேர்த்தாலும் வெள்ளையத் தாண்டிப் போகாது. புகை, கண்ணாடி மேல படற ஒளி, இதுக்கெல்லாம் அதான்."

"அழிக்கிறதுக்கு?"

"அதுக்கு இந்த மாதிரி கணக்கு ஒண்ணும் இல்ல. கையாலதான்."

அவள் அதை ரசித்தாள். எக்ஸ்ரேயை வாங்கித் தன் உடைந்த தொடையை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப, இல்லாதத இருக்கற மாரியும் காட்லாமா?"

"காட்டலாம்."

"கம்பெனிலேர்ந்து வந்தாங்கக்கா. ரெண்டாவது ரோப் தொங்குச்சாம், நான்தான் வேணாம்னு மாட்டாம குதிச்சேனாம். வீடியோ இருக்குதாம். தொங்கலக்கா. ஸ்டண்டு மாஸ்டரே கேட்டாரு, இன்னொண்ணு எங்கடான்னு. வந்துங்கீது, வெயில் போவுதுன்னாங்க. குதிச்சிட்டேன்."

சொல்லிவிட்டேன்.

"என்கிட்டதான் சேர்க்கச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

அவள் எக்ஸ்ரேயை மடியில் வைத்தாள். "நீ மாட்டேன்னா வேற யாரனா செய்வாங்கல்ல?" என்றாள்.

எக்ஸ்ரே படங்களை உறையில் போட்டுக் கட்டிலடியில் வைத்தேன்.

ஜூன் 20, வியாழன்

என்னை அந்தப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறொரு படத்துக்கு உருவங்களின் ஓரத்தை வெட்டும் வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுப்பது. ஒரு குதிரையின் பிடரி மயிரை வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு மயிராக. வெட்டுகிறேன். அழகாகவே வெட்டுகிறேன். குறை சொல்ல ஓர் இடம் கிடைக்காது அவர்களுக்கு.

ஜூன் 23, ஞாயிறு

முகுந்தன் ஆபீசுக்குப் போனான். டெலிவரியாம். எந்த டெலிவரி என்று கேட்டேன். சாவியைத் தேடிக்கொண்டிருந்தான், காதில் விழவில்லை போல.

துணி துவைத்தேன். மழை வந்துவிட்டது. எடுத்து உள்ளே போட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

முகுந்தன் மிக்ஸியைச் சரிபண்ணிவிட்டான். அதோடு நிற்கவில்லை. பால்கனிக் குழாய்க்கு வாஷர் மாற்றினான், பீரோ கதவுக்கு எண்ணெய் விட்டான். மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்தான். என்ன விசேஷம் என்றேன். "சும்மாதான்" என்றான். தேங்காய்ச் சட்னி அரைத்தேன். ஒரு இட்லியோடு எழுந்துவிட்டான்.

ஜூலை 1, திங்கள்

வெயில். முகுந்தனுக்குத் தலைவலி. மூன்றாவது நாளாக.

ஜூலை 9, செவ்வாய்

யூனியன் வக்கீல் நூர்ஜஹான் போன் செய்தார். பிலோமினா என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை நடக்கிறது; படக் கம்பெனி வீடியோவைக் கொடுத்துவிட்டது. ஒரு முறை வந்து பார்க்க முடியுமா என்றார். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன்.

அவருடைய மேசையில் லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். பிலோமினா விளிம்பில் நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் இரண்டாவது ரோப் தொங்குகிறது. காற்றில் லேசாக அசைகிறது. பின் சுவரில் அதன் நிழலும் அசைகிறது.

நல்ல வேலை. சொல்லித்தானே ஆகவேண்டும். ரோப்பின் ஓரத்தில் வானத்தின் வெளிச்சத்தை ஸ்கிரீன் போட்டு ஒரு மயிரிழை கசியவிட்டிருக்கிறது. அந்தக் கசிவைக் கையாலேயே போடுகிறவர்கள் சென்னையில் அதிகம் பேர் இல்லை. நிழலில் துளி நீலம் கலந்திருக்கிறது, மல்டிப்ளை போடும்போது நிழல் செத்துப்போகாமல் இருக்க.

மூன்றாவது முறை ஓடவிட்டபோது கண்டுபிடித்தேன். சுவரில் கிரேன் கையின் நிழல் பட்டையாக விழுந்திருக்கிறது. அது நிஜம். ரோப்பின் நிழல் அதைக் கடக்கும் இடத்தில் இன்னும் கறுத்து, ஒரு கோடாகத் தெரிகிறது. வெயிலில் அப்படி நடக்காது. நிழலுக்குள் வந்ததும் ரோப்பின் நிழல் காணாமல் போக வேண்டும். பெருக்கும்போது அந்தப் பட்டையை மாஸ்க் போட்டு மறைத்து, ரோப்பின் நிழலை அங்கே வெட்டிவிட வேண்டும். வெட்டவில்லை.

நூர்ஜஹானுக்கு விளக்கினேன். நோட்டில் படம் போட்டுக்கொண்டார்.

"செஞ்சது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

வரும் வழியில் இட்லி மாவு வாங்கினேன்.

ஜூலை 10, புதன்

மாவு புளித்துவிட்டது. கொட்டிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். போர்வையின் ஒரு நுனியை அவன் பிடித்திருந்தான், மறு நுனியை நான்.

"கிரேன் நிழல் மேல ஏன் மாஸ்க் போடல?" என்றேன்.

போர்வையை விடவில்லை. முறுக்கிப் பிழிந்துகொண்டே இருந்தான். தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும்.

"மறந்துட்டேன்."

"நீயா? அதுக்காக எத்தனை பேர் ஷாட்டைத் திருப்பி அனுப்பியிருக்க? என்னோடதையே போன மாசம் அனுப்பினே."

போர்வையைக் கொடியில் போட்டான். அதற்குப் பின்னால் நின்றபடியே பேசினான். முகம் தெரியவில்லை.

"மறக்கல. விட்டுவச்சேன். பாக்கத் தெரிஞ்சவங்க பாத்தா தெரியும்னு."

"பாக்கத் தெரிஞ்சவங்கன்னா நானா?"

ஒரு கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினான்.

"நான் பாக்காமப் போயிருந்தா?"

"மங்கை, நீ மாட்டேன்னுட்டு வந்துட்ட. நானும் மாட்டேன்னா ரெண்டு பேரும் வெளியதான். வீட்டு லோன் யாரு கட்டறது? வத்சன் என் எதிர்லயே உக்காந்திருந்தான். நான் என்ன செய்யறது? என்னால முடிஞ்சது அதான்."

"வந்து சொல்லு. வியாழக்கிழமை விசாரணை."

"நீ சொல்லு. அந்த நிழலைக் காட்டு, போதும். என் பேரு எதுக்கு?"

மீதித் துணியை நானே உலர்த்தினேன். என் பதிலை அவனிடம் சொல்லவில்லை. எனக்கே தெரிந்திருந்தால்தானே.

ஜூலை 18, வியாழன்

விசாரணை அதிகாரி அன்னபூரணி. ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் திரையைப் பார்க்கிறார். ஒரு பக்கம் படக் கம்பெனியின் வக்கீல், அவருக்குப் பின்னால் வத்சன் சார். இந்தப் பக்கம் நூர்ஜஹான். சக்கர நாற்காலியில் பிலோமினா. என்னைப் பார்த்ததும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

வீடியோவை நிறுத்தி அந்தக் கோட்டைக் காட்டினேன். நிழலின் மேல் நிழல் விழுந்தால் கறுக்காது, பெருக்கிப் போட்டால்தான் கறுக்கும் என்றேன்.

"கறுக்கத்தானே செய்யும்? ரெண்டு நிழல் சேர்ந்தா டபுள் ஆகாதா?" என்றார் கம்பெனி வக்கீல். அறையில் பலருக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்னபூரணி மேடத்துக்கும்.

"வெளிய நல்ல வெயில் இருக்கு மேடம். ஒரு நிமிசம் வர முடியுமா?"

அவர் யோசித்தார். பிறகு தன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எல்லாரும் பின்னால் வந்தோம். பிலோமினாவை அவள் அம்மா தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் பைக் நிறுத்தும் இடத்தில் வெள்ளைச் சுவர். மேடம் குடையை விரித்துப் பிடித்தார், சுவரில் வட்டமாக நிழல் விழுந்தது. மூலையில் சாய்த்திருந்த ஒட்டடைக் கோலை எடுத்து நான் குறுக்கே நீட்டினேன். கோலின் நிழல் வட்டம் வரைக்கும் வந்தது. வட்டத்துக்குள் இல்லை. வட்டத்தின் மறுபக்கம் மறுபடி தொடர்ந்தது.

"ஒரே சூரியனை ரெண்டு தடவ மறைக்க முடியாது மேடம்" என்றேன்.

அவர் கோலை என்னிடமிருந்து வாங்கி, குடையை என் கையில் கொடுத்து, தானே ஒரு முறை செய்து பார்த்தார். பக்கத்தில் டீ வாங்கிக்கொண்டு போன ஒருவர்கூட நின்று பார்த்தார். மேடம் உள்ளே வந்து எழுதச் சொன்னார். அந்த ரோப்பை முதலில் என்னைத்தான் சேர்க்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன் என்பதையும் சொன்னேன்.

கம்பெனி வக்கீல் சும்மா இருக்கவில்லை. "இந்தம்மா அந்த ஸ்டூடியோவுல கீழ் வேலைக்குத் தள்ளப்பட்ட ஆளு மேடம். அந்தக் கோவத்துல பேசறாங்க. போலின்னு சொல்றது பெரிய குற்றச்சாட்டு. செஞ்சது யாரு? பேர் இருக்கா? இருந்தா சொல்லட்டும்."

வத்சன் சார் என்னைப் பார்த்தார். பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு நிச்சயம். அவர் முகத்தில் இருந்த அந்த நிம்மதியைப் பார்த்தேன். அதுதான் என்னைச் சொல்ல வைத்தது என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, அது மட்டும் இல்லை.

"இருக்கு. முகுந்தன். அந்த ஸ்டூடியோ சூப்பர்வைசர். என் வீட்டுக்காரர்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். மேடம் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சுதான் சொல்றீங்களாம்மா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன் மேடம்."

ஜூலை 19, வெள்ளி

வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். என்னை மட்டும்.

முகுந்தன் தாம்பரத்தில் அவன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது கேட்டான், "வேணும்னுதான் தப்பு விட்டேன்னு தெரிஞ்சும் ஏன் பேரைச் சொன்ன?"

"நீ விட்ட தப்பு உன்னைக் காப்பாத்த. அது அவளைக் காப்பாத்தாது" என்றேன்.

அவன் சட்டைகளை நான்தான் மடித்து வைத்தேன். சண்டை போட்டால் மடிக்கக் கூடாதென்று எங்கும் எழுதியில்லை.

ஜூலை 26, வெள்ளி

பக்கத்து வீட்டம்மா கேட்டார், "சார் ஊருக்குப் போயிருக்காரா?" ஆமாம் என்றேன். என் அம்மா போனில் அழுதாள். புருஷன் பேரை எவளாவது கோர்ட்டு கச்சேரியில் சொல்லுவாளா என்றாள். கச்சேரி இல்லை, தொழிலாளர் அலுவலகம் என்றேன். வைத்துவிட்டாள்.

ஒரு கல்யாண வீடியோக்காரர் வேலை கொடுத்தார். மாப்பிள்ளைக்குப் பின்னால் கொட்டாவி விடும் ஒருவரைப் படத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்துக் கொடுத்தேன். பாவம், தூக்கம் வந்திருக்கிறது அவருக்கு.

சட்னிக்கு மிக்ஸியைப் போட்டேன். நன்றாக ஓடுகிறது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நூர்ஜஹான் சொன்னார்: அடுத்த விசாரணைக்கு முகுந்தனைக் கம்பெனியே சாட்சியாக அழைத்து வருகிறதாம். அவன் வந்து, நான் எதுவும் செய்யவில்லை, மனைவிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை, அதனால் பழி போடுகிறாள் என்று சொன்னால் என் பேச்சு செல்லாது.

"வேற ஏதாவது ஆதாரம் வச்சிருக்கீங்களா?" என்றார்.

"இல்ல மேடம்."

"பயமா இருக்கா?"

இல்லை என்றேன். காலையிலிருந்து வீட்டை இரண்டு முறை பெருக்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வத்சன் சாரின் காரில் வந்து இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டை, என் கைமடிப்பு இல்லை. இளைத்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகட்டும், நான் பார்த்தேன். அவன் நாற்காலியில் உட்காரும் வரை கண்ணை எடுக்கவில்லை.

கம்பெனி வக்கீல் கனிவாகத்தான் ஆரம்பித்தார். எத்தனை வருட அனுபவம், என்ன பொறுப்பு, மனைவிக்கும் உங்களுக்கும் இப்போது எப்படி. "தனித்தனியா இருக்கோம்" என்றான் முகுந்தன். வக்கீல் அன்னபூரணி மேடத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"இந்த வீடியோவுல நீங்க ஏதாவது வேலை செஞ்சிருக்கீங்களா?"

முகுந்தன் தண்ணீர் கேட்டான். குடித்தான். தம்ளரை வைத்தான்.

"செஞ்சேன்."

வக்கீல் கேள்வியையே மாற்றிப் பார்த்தார். "கலர் சரிபண்ற மாதிரி ஏதாவது?"

"ரெண்டாவது ரோப் மொத்தமும் நான் வரைஞ்சது. அதோட நிழலும். எனக்கு வந்த வீடியோவுல அங்க ரோப்பே இல்ல."

வத்சன் சார் எழுந்து வெளியே போனார். போனை எடுத்துக்கொண்டு போனார்.

"யாரு செய்யச் சொன்னது?" என்றார் அன்னபூரணி மேடம். பின்னால் காலியாயிருந்த நாற்காலியை முகுந்தன் காட்டினான்.

"நிழல்ல ஒரு தப்பு இருக்கே, அது?"

"தெரிஞ்சே விட்டது மேடம். அது போதும்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினான். "போதாது."

அவ்வளவுதான். அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டான்.

வெளியே தாழ்வாரத்தில் பிலோமினா அவனைக் கூப்பிட்டாள். போய் நின்றான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத்தான் வரஞ்சிருக்க சார். எனக்கே ஒரு நிமிசம் டவுட்டு வந்துச்சு. ரோப் தொங்கிக்கினு இருந்துச்சோ, நாந்தான் மாட்டலியோன்னு. ரெண்டு நாளு தூக்கமில்ல தெரியுமா?"

அந்த வீடியோவில் நான் ரோப்பைப் பார்த்தேன், ஓரத்தைப் பார்த்தேன், நிழலைப் பார்த்தேன். அவளுக்கே அவள்மேல் சந்தேகம் வரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. முகுந்தன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அம்மா நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

படியிறங்கும்போது கேட்டான், "வீட்டுக்கு வரட்டுமா?"

"இன்னைக்கு வேணாம்."

சரி என்று பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான். வந்த கார் அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

முகுந்தனுக்கும் வேலை போய்விட்டது. அவன் சொல்லவில்லை, ஆபீஸ் பெண் ஒருத்தி சொன்னாள். வங்கிக்கு எழுதிப் போட்டு தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறானாம், அதை மட்டும் குறுஞ்செய்தியில் அனுப்பினான். "சரி" என்று பதில் போட்டேன். பிறகு "தலைவலி எப்படி" என்று போட்டேன். அனுப்பிய பிறகுதான் ஏன் அனுப்பினோம் என்றிருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

முகுந்தன் வந்தான். பெட்டி இல்லாமல். சாப்பிட்டான். கல்யாண வீடியோ ஒன்றில் பாதி ஷாட்டுகளை அவன் முடித்துக் கொடுத்தான். தன் வேலையை என் பக்கம் திருப்பி, "பாத்துச் சொல்லு" என்றான். ஒரு ஷாட்டைத் திருப்பி அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் மறுபடி செய்தான். பிறகு தாம்பரத்துக்கே கிளம்பிப் போனான். இரு என்று நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. நூர்ஜஹான் போனில் படித்துக் காட்டினார். இரண்டாவது ரோப் கொடுக்கப்படவில்லை; பணியாளர் மீது எந்தத் தவறும் இல்லை; சிகிச்சைக்கும் இழப்புக்கும் கம்பெனியே பொறுப்பு; கொடுத்த வீடியோ பற்றிப் போலீசுக்குத் தனியாக எழுதப்படுகிறது. அதில் முகுந்தன் பெயரும் வரும், தயாராக இருங்கள் என்றார். அவனிடம் சொன்னேன். "வரட்டும்" என்றான்.

கம்பெனி மேல்முறையீடு போகுமாம். போகட்டும்.

கொஞ்ச நேரத்தில் பிலோமினா கூப்பிட்டாள். வாக்கர் பிடித்து வாசல் வரைக்கும் நடந்தாளாம். கத்தித்தான் பேசினாள், தெருவில் நின்றுகொண்டிருந்தாள் போல.

"அக்கா, ஆர்டரு வந்துச்சு. எம்பேர தப்பா அட்ச்சிருக்கான். பிலோமீனான்னு போட்டு, அப்பறம் ரெண்டாம் பக்கத்துல பிலமின்னு போட்டுகிறான். இத்தினி வருசம் எந்தப் படத்துலயும் எம்பேரு வந்ததில்ல. மொத தபா பேப்பர்ல வருது, அதுவும் தப்பு. வக்கீலம்மா, அதனால ஒண்ணும் கெட்டுப்போகாது, உட்டுடுன்றாங்க. நான் உட மாட்டேன். மாத்திக் குடுன்னு மறுபடியும் போயி நிக்கலாமா?"

"நாளைக்கே போலாம்" என்றேன்.